மூன்று நாள் தண்டனை

"இது பத்தாது, மிஸ் குட்வின்" என்றார் லோர்ன் ப்ரூயிட்.

பெர்னிஸ் குட்வின் பேனாவைக் கீழே வைத்தாள். ஆசிரியர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் ஆணையத்தில் அவள் பதினோரு வருடமாக அதிகாரி. வான்கூவரிலிருந்து இரண்டு விமானம் மாறி, பனியில் வழுக்கி வழுக்கி இந்த வடக்கத்திச் சிற்றூருக்கு வந்து சேர்ந்திருந்தாள். எல்லாம் ஒரு மொட்டைக் கடிதத்துக்காக.

'ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் லோர்ன் ப்ரூயிட், கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் கட்டிய இஞ்சி பிஸ்கட் வீட்டைத் தனியாளாகத் தின்று தீர்த்தார். கூரையில் ஆரம்பித்தார்.'

"இதுக்கு மேல என்ன பண்றது, மிஸ்டர் ப்ரூயிட்? எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு. நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா ஃபைலை இன்னிக்கே மூடிடலாம்."

"சஸ்பெண்ட் பண்ணுங்க. பிள்ளைங்க அழ அழத் தின்னேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?"

அழுத ஆசிரியர்களைப் பெர்னிஸ் பார்த்திருக்கிறாள். வக்கீலோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறாள். காய்கறிக்காரரிடம் தானே விலையை ஏற்றிப் பேசுவதுபோல் தண்டனையை ஏற்றிக் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"சரி, ஒரு நாள்."

"மூணு நாள்."

"மூணு நாள். ஜனவரியில..."

"டிசம்பர் ஒன்பது, பத்து, பதினொண்ணு" என்றார் லோர்ன், மனப்பாடம் செய்தவர்போல. "அந்த மூணு நாளும் நான் பள்ளிக்கூடத்துக்குள்ள காலே வைக்கக் கூடாது இல்லையா? யார் கெஞ்சினாலும்?"

"கூடாது."

"எழுத்துல குடுப்பீங்களா? முத்திரையோட? காய்ச்சல்னு லீவு போட்டா எவனும் நம்ப மாட்டேங்கறான்."

பெர்னிஸுக்குப் பொறி தட்டியது. இந்த ஆளுக்கு வேண்டியது தண்டனையில்லை. அந்த மூன்று நாளும் தான் இங்கே இல்லை என்பதற்கு அரசாங்கச் சாட்சி வேண்டும்!

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அலுவலக அறைக்குப் போனாள். செயலாளர் டார்லீன் அம்மாள் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"பிஸ்கட் வீடா? அதைப் பிள்ளைங்கதான் பிச்சுத் தின்னுச்சுங்க, கண்ணு. லோர்னுக்குப் புகைபோக்கிகூட மிஞ்சல."

ஆக, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். பெர்னிஸ் காபியை மறந்தாள்.

"இதுக்கு முன்னாடி அவர் மேல ஏதாவது...?"

"சேச்சே, தங்கமான மனுஷன். எங்க ஸ்கூல் ஜிம் ஹாலுக்குத்தான் ராசியில்ல. டிசம்பர் வந்தா ஏதாவது ஒண்ணு ஆயிடுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி யாரோ கரன்ட் ஒயரை அறுத்துட்டாங்க. அடுத்த வருஷம் சாவியே காணோம். போன வருஷம் நெருப்பே இல்லாம தீ அலாரம் அடிச்சுது." டார்லீன் குரலைத் தாழ்த்தினாள். "மூணு தடவையும் ஜிம்லேர்ந்து கடைசியா வெளிய வந்தது லோர்ன்தான். பாவம், அவரு கண்ணுலதான் எல்லாம் படுது."

ஒயர். சாவி. தீ. மூன்றும் வெள்ளோட்டம் என்றால் இந்த வருடம் என்ன? இருநூறு குழந்தைகள் படிக்கிற பள்ளிக்கூடம்!

பெர்னிஸ் லோர்னின் வகுப்பறைக்குத் திரும்பினாள். மூலையில் இருந்த கெட்டில் கொதித்து விசிலடித்தது. லோர்ன் துள்ளி எழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சுக்குக் கெட்டில்கூடப் போலீஸ்காரன்தான் போலிருக்கிறது.

அலமாரியின் உச்சியில் ஒரு நீளப் பெட்டி. டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, 'தொடாதே' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"அதுல என்ன இருக்கு?"

"தயவுசெஞ்சு அதைப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

கேட்ட மூன்று நாளை மறுத்தால் ஆள் உஷாராகி வேறு வழி தேடுவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கையும் களவுமாகப் பிடிப்பதுதான் சரி என்று பெர்னிஸ் முடிவு செய்தாள். உடன்படிக்கையை எழுதி நீட்டினாள். லோர்ன் கையெழுத்துப் போடும்போது கண் கலங்கினார்.

"நீங்க நல்லா இருக்கணும், மிஸ் குட்வின்."

விதிப்படி ஒரு நகல் தலைமையாசிரியைக்குப் போயிற்று.

டிசம்பர் ஒன்பதும் பத்தும் சத்தமில்லாமல் கழிந்தன. பதினொன்றாம் தேதி காலை, கான்ஸ்டபிள் யார்னெலோடு பெர்னிஸ் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கினாள். ஜிம்மைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒயர் அப்படியே இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. அலாரம் மூச்சுவிடவில்லை.

"அங்க பாருங்க" என்றார் யார்னெல், ஜன்னலைக் காட்டி.

தெருவில், பள்ளி எல்லைக்குச் சரியாக ஓரடி தள்ளி, லோர்ன் ப்ரூயிட் பனியில் மண்டியிட்டுத் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தார். மறு கையில் கசங்கிய ஒரு தாள்.

"குற்றவுணர்ச்சி" என்றாள் பெர்னிஸ். "விலங்கை எடுங்க."

இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். கதவில் டார்லீன் அம்மாள் அதே தாளின் இன்னொரு பிரதியை ஒட்டிக்கொண்டிருந்தாள். பெர்னிஸ் நின்று படித்தாள்:

'பதினெட்டு வருடமாக நம் டிசம்பர் கச்சேரியைத் தனியாளாக நடத்திவரும் நம் லோர்ன் ப்ரூயிட் இன்று பள்ளிக்குள் வர முடியாததால், மாலையில் ஜிம்மில் நடக்கவிருந்த முப்பத்தொரு குழந்தைகளின் பிளாஸ்டிக் புல்லாங்குழல் கச்சேரி, அவர் திரும்பியதும் பதினாறாம் தேதி நடைபெறும். ஒத்திகைக்குக் கூடுதலாக நாள் கிடைத்திருப்பதால், இந்த முறை நான்காம் வகுப்பும் சேர்ந்து ஊதும்.'