சின்னக்கானல் பிரேக்

"பிரேக் நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிராதீங்க பாய். எங்குடி கெட்டுப் போயிரும்!"

பிக்கப் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் சென்னியப்பன் மெக்கானிக் பரீதுவின் காதில் கிசுகிசுத்தான். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அவன் மனைவி மயிலாத்தாள் இறங்கினாள். கையில் துணி மூட்டை.

"மூட்டை எதுக்குத் தங்கச்சி?" என்றார் பரீது.

"வண்டியை ஓட்டிப் பாருங்க பாய். பிரேக்குல கோளாறு இருந்தா இவிங்களோட ஊட்டுக்குத் திரும்பிப் போறேன். இல்லீன்னா இப்படியே பஸ் ஏறி எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்."

பரீது விழித்தார். வண்டியின் ஆயுளைச் சொல்லிப் பழகியவர். ஒரு குடும்பத்தின் ஆயுளைச் சொல்லச் சொன்னால் என்ன செய்வார், பாவம்!

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமைதோறும் பெருமாட்டியிலிருந்து தேங்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் சின்னக்கானல் எஸ்டேட்டுக்குப் போவான் சென்னியப்பன். இரவு அங்கேயே தங்கல். விடியலில் புறப்பட்டால் புதன்கிழமை மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம். மார்கழி பிறந்ததிலிருந்து விளக்கு வைத்த பிறகுதான் வந்து சேருகிறான். கேட்டால் பிரேக் மேல் பழி.

"காத்தால பெடலை மிதிச்சா கல்லாட்டம் கெடக்குதுங்க பாய். துளி எறங்க மாட்டீங்குது. பிரேக் இல்லாம அந்த எறக்கத்துல எப்படி வர்றது? பத்து மணி வெயிலடிச்சா தானாச் சரியாயிருது."

"தானாச் சரியாகுதாம்! பத்து மணி வரைக்கும் எங்க உக்காந்திருக்காங்கன்னு கேளுங்க பாய். அங்க இருக்கற சுருளியம்மா டீக்கடையில! அவ போடற சுக்குக் காப்பி மாதிரி எங்கியுமே இல்லைன்னு இவிங்க வாயாலயே சொன்னாங்க."

அந்த வாயைச் சென்னியப்பன் மனதுக்குள் நூறு தடவையாவது திட்டியிருப்பான்.

"அதுக்கு அறுவது வயசு புள்ள! வாயில நாலு பல்லுதான் இருக்குது!"

"பல்லை எண்ணிப் பாக்கற அளவுக்குப் பழக்கமாக்கும்!"

அதற்கு மேல் பேசினால் பல்லுக்குப் பல் வழக்கு வளரும் என்று பரீது வண்டியில் ஏறினார். வாய்க்கால் பாலம் வரை விரட்டினார். திரும்பி வந்து பட்டறை வாசலில் ஒரே மிதி. வண்டி அடித்து வைத்த முளைபோல நின்றது.

"பொய் சொல்லத் தெரியாது எனக்கு. இது மூணாவது தடவை பாக்கறேன். பிரேக் புது வண்டியாட்டம் புடிக்குது."

மயிலாத்தாளின் கண் நிறைந்துவிட்டது. மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஒரு சோடி மாட்டை வித்துத்தான் பாய் இந்த வண்டியை வாங்கினோம். மாட்டுக்குப் பார்த்த மாதிரியே இதுக்கும் பார்த்தேன். பயணத்தன்னைக்கு விடியாம எந்திரிச்சுக் கழுவி, குங்குமம் வெச்சு அனுப்புனேன். அதுல ஏறித்தான் இவிங்க அங்க போயிருக்காங்க."

சென்னியப்பன் குறுக்கே வந்து நின்றான். செய்யாத தப்புக்கு வீடு காலியாகப் போகிறதே!

"சத்தியமாச் சொல்றேன் மயிலாத்தா! நான் வண்டியில எந்தக் கொறையும் வெக்கலை. பாய், நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, வாசர் தேஞ்சு போச்சு, பிரேக் ஆயில் கசியும்னு? வாராவாரம் தெறந்து பாக்கறேன். ஆயில் தளும்பத் தளும்ப இருக்குது!"

பரீது நிமிர்ந்தார்.

"நீ ஊத்துனியா?"

"இல்லீங்க. கொறையவே இல்லியே, எதுக்கு ஊத்தறது?"

"கசியற வண்டியில எப்படிப்பா தளும்பும்?"

டிரைவர் காலடித் தகட்டைக் கழற்றி, ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி, விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"எங்கூட்டுக்காரி ஐசும்மா தலை வாசமல்ல வருது! சென்னியப்பா, இது பிரேக் ஆயிலே இல்லை. தேங்காயெண்ணெய்!"

"தேங்காயெண்ணெயா?"

"மார்கழிக் குளிர்ல ஊட்டுல எண்ணெய் பாட்டில் என்னாகுது? வெள்ளையா உறைஞ்சு போகுதல்ல? சின்னக்கானல் குளிருக்குக் கேக்கவே வேண்டாம். ராத்திரி குழாய்க்குள்ள உறைஞ்சு, காத்தால பெடல் கல்லாயிரும். வெயில் ஏறுனா உருகிச் சரியாயிரும். இங்க பகல்ல குளிர் ஏது? அதான் நான் ஓட்டும்போது நல்லாருக்கு. தங்கச்சி, உம்புருசன் சொன்னது அத்தனையும் நெசம்."

போன உயிர் திரும்பி வந்தது சென்னியப்பனுக்கு. கூடவே கோபமும் வந்தது. ஒரு மாதமாகப் பட்ட பேச்சு கொஞ்சமா?

"எந்த நாசமாப் போறவன் ஊத்துனான்னு தெரியோணும். அவன் கையை ஒடிக்காம விடமாட்டேன்!"

மயிலாத்தாள் மூட்டையை மெல்லக் கீழே வைத்தாள். வளையல் குலுங்க வலது கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"ஒடிங்க. ஆயில் கொறைஞ்சா மலையில உருண்டு உசுரே போயிரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அந்தப் பயத்துல வண்டி கழுவறப்பெல்லாம் நாந்தான் ஊத்துனேன்... நம்ம தோப்புத் தேங்காய், செக்குல ஆட்டுனது, ஒரு சொட்டுக் கலப்படமில்லீங்க."