எண்ணெய் அத்தையும் ஜன்னல் சக்கரமும்

ஒரு வீட்டில் பிளாஸ்டிக் ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் தள்ளுகதவைச் சுமந்து ஓடியது ஒரு குட்டிச் சக்கரம். எப்போதாவது அது கிறீச்சென்று முனகும். அவ்வளவுதான், அலமாரியில் இருக்கும் தேங்காயெண்ணெய் பாட்டில் பதறிப்போய்விடும்.

"என்னடா கண்ணு, வலிக்குதா? இதோ அத்தை வந்துட்டேன்!"

அந்த வீட்டு எழிலரசியின் கையில் ஏறி வந்து நாலு சொட்டு விட்டுப் போகும். அன்று முழுக்கச் சக்கரத்துக்குச் சுகமாக இருக்கும். மறுநாளே தெருப்புழுதியெல்லாம் அந்த எண்ணெயில் வந்து அப்பிக்கொள்ளும். சக்கரம் இன்னும் முனகும். அத்தை இன்னும் ஊற்றும்.

மார்கழிக் குளிரில் புழுதியோடு எண்ணெயும் உறைந்துபோக, சக்கரம் நின்றேவிட்டது.

"கதவையே மாத்திடலாங்க" என்றாள் எழிலரசி. சக்கரத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அத்தையும் உறைந்துபோய், உருகுவதற்காக மாடி வெயிலில் உட்கார்ந்திருந்த நேரம் அது. "இரு, ஒரு தடவை கழட்டிப் பாத்துடறேன்" என்று எழிலரசியின் கணவன் நாகலிங்கம் கதவைத் தூக்கி இறக்கினான். சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போட்டுத் தேய்த்தான். கறுப்புக் கறுப்பாக அழுக்கு வந்தது. துடைத்து மாட்டியதும் சக்கரம் விர்ரென்று ஓடியது.

வெயிலிலிருந்து திரும்பிய அத்தைக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"பாத்தியா! அத்தை ஊத்துன எண்ணெய் வீணாப் போகுமா?"

சக்கரம் அந்த முகத்தையே பார்த்தது. "போகாது அத்தை" என்றது.

இப்போதும் அதற்கு எப்போதாவது முனகல் வரும். எழிலரசி தலைக்கு வைக்க அத்தையை உள்ளறைக்கு எடுத்துப் போகும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் மெல்ல முனகிக்கொள்ளும்.