எதிர் ஃப்ளாட் ஊஃபர்

"எட்டு ஊஃபர், ஒண்ணுமேல ஒண்ணா, கூரை வரைக்கும் நானே அடுக்கின தூண் ஸ்பீக்கர். இதை விட்டுட்டு எதிர் ஃப்ளாட்டுல போய்தான் பாட்டு கேக்கணுமா?" யாவோர் பொருமினான்.

"அனஸ்தாஸ் வீட்டுல கேக்க நல்லாருக்கு" என்று செருப்பை மாட்டினாள் மனைவி ருமியானா.

ஆறு அங்குல ஊஃபர்களைக் கழற்றி எட்டு அங்குலம் போட்டான். பிறகு பத்து. ஞாயிறானால் அவள் எதிர் ஃப்ளாட்டில்தான். அவள் கூடவே பாடுவதும் கேட்டது. யாவோருக்கு வயிறு எரிந்தது.

இந்த ஞாயிறு பொறுக்கமாட்டாமல் அளவு டேப்போடு போய்க் கதவைத் தட்டினான். "அனஸ்தாஸ், மறைக்காம சொல்லுடா. எந்த ஊஃபர் போட்டிருக்கே?"

மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த அனஸ்தாஸ், இடுக்கியாலேயே சமையலறை ஜன்னலைக் காட்டினான். அங்கே ரொட்டி அளவில் ஒரு பழைய ரேடியோ. ஏரியலுக்குப் பதிலாக முள்கரண்டி.

"இதுவா?"

"உஷ்!" என்றாள் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருமியானா. "நம்ம வீட்டுல பல்லவி முடியறதுக்குள்ள நீ ஸ்குரூ டிரைவரைத் தூக்கிடுவே. சரணம் கேக்கத்தான் இங்க வர்றேன்."