ஐம்பத்தேழாம் நம்பர் காட்

“இந்தாங்கோ டொக்டர், அத்தாட்சி!”

பேணாட் மேசையில் ஒரு மஞ்சள் அட்டையை, ஆசுபத்திரிக் காட்டை, வைத்தார். துறைமுகக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர். அங்கே வேலை செய்வோரின் ஒழுக்கத்துக்கும் தன்னைத்தானே பொறுப்பாக நியமித்துக்கொண்டவர். ஆசுபத்திரியின் பதினோராம் அறையில் வியாழக்கிழமைகளில் எந்த நோய்க்கு ஊசி போடுகிறார்கள் என்பது திருகோணமலைக்கே தெரியும் என்பதால், தலையில் துவாய் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“எங்கட பியோன் றஊபின்ர சேட் பொக்கற்றில இருந்து எடுத்தனான். பேரப்பிள்ளை கண்ட ஆள்! வியாழனுக்கு வியாழன் அரைநாள் லீவு. எங்க போறாரெண்டு பாத்தா, உங்கட வாசலில குடையோட நிக்கிறார். வெள்ளைக்காரன்ர நேவி போய்ப் பதினைஞ்சு வருசம். இந்த வருத்தமும் அவங்களோட கப்பலேறிட்டுதெண்டு நினைச்சன். இப்ப எங்கட கந்தோருக்குள்ள!”

டொக்டர் ஸெய்னுதீன் காட்டைப் புரட்டினார். பெயர் இல்லை, நம்பர் மட்டும்: 57. இரண்டு ஊசி போட்டாயிற்று. மூன்றாவது இன்றைக்கு.

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“சிபிலிஸ் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. ஆளை வேலையால நிப்பாட்டிறன். ஒருநாள் மாறி அவற்ர கோப்பையில தேத்தண்ணி குடிச்சு, எனக்கும் ஒட்டிட்டுது!”

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். செம்புள்ளிகள்.

“கடிக்குதோ? சொறிய வருதோ?”

“இல்லை.”

“உள்ளங்காலில?”

“அங்கயும் கிடக்கு.”

“மூண்டு மாசத்துக்கு முந்திக் கீழ ஒரு புண் வந்ததோ? நோகாம?”

பேணாட்டுக்குக் கொழும்பு ஞாபகம் வந்தது. கந்தோர் வேலைப் பயிற்சிக்குப் போன நாலு நாள். பயிற்சி பகலில் மட்டும்தான்.

“வந்தது... மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். காய்ஞ்சு மாறிட்டுது.”

“கொளுத்தாட்டியும் மாறும். புண்தான் மாறும், வருத்தம் மாறாது. இரத்தத்தில ஓடி, இப்பிடிக் கையில காலில வந்து நிக்கும். கோப்பையால, கதிரையால, கக்கூசால ஒட்டாது. படுக்கையால ஒட்டும். தாய்க்கு இருந்தா வயித்துப் பிள்ளைக்கும் போகும்.”

பேணாட் துவாயை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

“மெதுவாக் கதையுங்கோ டொக்டர். எனக்கும் ஒரு ஊசியைப் போட்டு விடுங்கோ. வீட்டில ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி இருக்கிறா. அவவுக்குத் தெரியக் கூடாது.” மானம் போகிற அந்த நேரத்திலும் கடமையை மறக்கவில்லை. “அந்த றஊபின்ர கடிதம்...?”

டொக்டர் காட்டை விரலால் தட்டினார்.

“வருத்தத்தைக் குடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, இந்தக் காட்டுக்குரியவருக்கு இரண்டு கிழமையாச் சொல்லுறன். பயத்தில கூட்டி வரேல்லை.”

“அப்பிடியான மிருகத்தைக் கயித்தில கட்டியெல்லோ இழுத்து வரவேணும்!”

வாசலில் தாதி மிஸ்ஸி கூப்பிட்டார்: “ஐம்பத்தேழு!”

றஊப் குடையை மடக்கி வழிவிட்டார். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே வந்தாள், பேணாட்டின் மனைவி மாகிரட். மேசையில் கிடந்த காட்டையும் துவாய்க்குள் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வீட்டில வைக்கப் பயந்து, காட்டைத் துணைக்கு வாற றஊப் நானாவிட்டக் குடுத்து வைச்சனான், டொக்டர். பரவாயில்லை, நீங்க கூட்டிக்கொண்டு வரச் சொன்ன மனுசன் கயிறில்லாமலே வந்திட்டார்.”