ஏழு ஜோடிச் செருப்பு

"உங்க வாசல்ல ஏழு ஜோடி செருப்பு கெடக்கே ஆத்தா, எத்தனை பேரு வந்திருக்கீங்க?"

எதிர்வீட்டு அம்மா இப்படிக் கேட்டதும் ஷாமளா கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"நாலு பேருதாங்க."

"அப்படியா? நான் நாகம்மை. இங்க எல்லாரும் ஆச்சின்னுதான் கூப்பிடுவாங்க."

காதில் வைரத்தோடு, தங்க விளிம்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு மேலாகப் பார்வை மறுபடியும் செருப்புகள் மேல் போனது.

ஆண்டு இறுதி விடுமுறைக்காக லாயாங் லாயாங் என்ற சிற்றூரிலிருந்து ஜொகூர் பாரு நகரத்துக்கு நேற்றுதான் வந்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த இந்த ஆறாவது மாடி வீட்டில் நாலு பேருக்கு மேல் தங்கக்கூடாது. கூடுதலாக யாராவது இருந்தால் கீழே காவலுக்கு இருக்கும் ஜாகா உடனே வெளியே அனுப்பிவிடுவார் என்று வீட்டுக்காரர் போனிலேயே கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஷாமளா, கணவன் லோகேஸ்வரன், பிள்ளைகள் இருவர். அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. அக்கா புஷ்பவள்ளியையும் அவள் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தவள் ஷாமளாதான். அக்கா, புருஷன் போன பிறகு கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். அவள் பிள்ளைகள் இதுவரை விடுமுறைக்கென்று எங்கேயும் போனதில்லை. பேரங்காடியில் பனி கொட்டுகிறதாம், அதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை அவர்களுக்கு.

"மாட்டிக்கிட்டா உங்கக்காவ பஸ் ஏத்தி விட்டுருவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கக்கூடாது," என்று லோகேஸ்வரன் கிளம்பும்போதே சொல்லிவிட்டான்.

லிஃப்ட், ஜாகாவின் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. அதனால் அக்காவும் அவள் பிள்ளைகளும் மட்டும் கார் நிறுத்தும் இடத்து வழியாக, பின்படியில் ஆறு மாடியும் ஏறி வந்தார்கள். அக்காவுக்கு முட்டி வீங்கிப்போனது.

ஆச்சி விடுவதாக இல்லை.

"நேத்து படியில மூச்சு வாங்கிட்டு ஒருத்தவங்க உக்காந்திருந்தாங்களே, அவங்க யாரு?"

"அவங்க... தெரிஞ்சவங்க. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தாங்க."

"பேரென்ன?"

ஷாமளா வாயில் வந்த பேரைச் சொன்னாள். "ராசம்மா."

"அந்தப் பிள்ளைங்க ரெண்டும் அவங்களுதா?"

"ம்."

ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டே லிஃப்டில் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் லோகேஸ்வரன் ரொட்டி சானாய்ப் பொட்டலங்களோடு மேலே வந்தான். முகம் சரியில்லை.

"எதிர்வீட்டம்மா ஜாகாகிட்ட நின்னு, நம்ம மாடியக் கை காட்டிக் காட்டிப் பேசிட்டு இருக்கு."

"போட்டுக் குடுத்துட்டாங்க," என்றாள் ஷாமளா. "பேரு, பிள்ளைங்க, ஒண்ணு விடாம அதுக்குத்தான் கேட்டிருக்காங்க."

"நம்மள மாதிரி ஆளுங்க பக்கத்துல வந்தாலே அவங்களுக்கு ஆகாது லா," என்றான் அவன்.

புஷ்பவள்ளி பையைத் தேடினாள். "நான் இன்னிக்கே போயிடுறேன் ஷாமு. உன் வீட்டுல சண்டை வேணாம்."

"சும்மா இருக்கா. பிள்ளைங்க பனியப் பாக்காம நீ எங்கேயும் போகக்கூடாது."

செருப்பெல்லாம் குளியலறைக்குள் போனது.

சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். லோகேஸ்வரன் டிவியை அணைத்தான். அக்கா குளியலறைக்குள் ஓடினாள். ஷாமளா கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஆச்சி.

யாரும் மூச்சு விடவில்லை. ஆனால் சின்னவன் மட்டும் அடக்கமாட்டாமல் பெரிதாக ஒரு தும்மல் போட்டான்.

ஆச்சி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். மறுநாள் காலையிலும் வந்து தட்டினார். அப்போதும் திறக்கவில்லை.

"உள்ள எத்தனை பேருன்னு எண்ணாம அதுக்குத் தூக்கம் வராது போல," என்று பல்லைக் கடித்தான் லோகேஸ்வரன்.

கீழே போகும்போது ஜாகா ஒருமுறை, "பாஸ், கொஞ்சம் நில்லுங்க," என்று கூப்பிட்டார். காதில் விழாதது போல் இருவரும் வேகமாக நடந்துவிட்டார்கள்.

பனியைப் பார்த்தாயிற்று. வெறும் சவர்க்கார நுரைதான். ஆனாலும் அக்கா பிள்ளைகள் நாக்கை நீட்டி நீட்டிப் பிடித்தார்கள். அதைப் பார்த்து அக்கா முட்டி வலியை மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் ஷாமளாவால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள். காரில் பைகளை ஏற்றிவிட்டு ஷாமளாவும் லோகேஸ்வரனும் காத்திருந்தார்கள். அக்கா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

கடைசிப் படியில் ஜாகா நின்றிருந்தார்.

"ராசம்மா அக்கா!"

யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அக்கா நடந்தாள்.

"உங்களத்தான் ராசம்மாக்கா."

லோகேஸ்வரன் முன்னால் போனான். "அண்ணே, நாங்க கிளம்பிட்டோம். பிள்ளைங்க முன்னால ஒண்ணும் கேக்காதீங்க."

"நான் என்ன கேக்கப் போறேன்? இந்தக் கால வச்சுக்கிட்டு எதுக்குப் படியில ஏறி இறங்குறாங்க? லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?"

அக்கா திரும்பி ஷாமளாவைப் பார்த்தாள்.

"'ராசம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் எங்க வீட்டு விருந்தாளி, தங்கிட்டுத்தான் போவாங்க'ன்னு ஆச்சி அன்னிக்கே வந்து பேரு குடுத்துட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

ஷாமளா இல்லையென்று தலையசைத்தாள்.

"சொல்லத்தான் ரெண்டு தடவ வந்து கதவத் தட்டுனாங்களாம். 'வீட்டுல யாரும் இல்ல போல, பார்த்தா நீ சொல்லிடு'ன்னாங்க."