பேரனின் பெயர்

"நான் விளையாடினவரைக்கும் எவனும் என் கையிலேர்ந்து பந்தைப் பறிச்சதில்ல. இனி என் பேரும் இந்த தெசலோனிக்கி ஊர்ல நிலைக்கும்!"

பேரனின் ஞானஸ்நானத்தில் ஸ்த்ராத்தோஸ் மார்தட்டினார். கூடைப்பந்து அணியில் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடி ஓய்வுபெற்றவர்.

பாதிரியார் பெயர் கேட்டதும் ஞானத்தந்தை உரக்கச் சொன்னார்: "லாசரோஸ்!"

ஸ்த்ராத்தோஸ் மகனின் சட்டையைப் பிடித்தார். "அந்தச் சோம்பேறி பேராடா? எங்க டீம்ல எனக்கு மாற்று ஆட்டக்காரன். வெளியூர் ஆட்டம்னாலே முட்டி வலின்னு ஊர்லயே தங்கிடுவான்!"

"கத்தாதீங்கப்பா."

"முதல் பேரனுக்கு அப்பாவைப் பெத்தவர் பேரைத்தானேடா வைக்கணும்?"

மகன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலைகுனிந்துகொண்டாள்.

"அதைத்தாம்ப்பா வச்சிருக்கேன்" என்றான்.