காயில் கோளாறு

“ஆத்தா, ஒண்ணொண்ணாச் சோதிச்சுப் பாத்துட்டேன். மத்ததெல்லாம் சுத்தம். காயில்தான் கோளாறு!”

பாண்டியம்மாளின் போன் ஸ்பீக்கரில் அலறியது. குரங்கணி மலையிலிருந்து அவள் தோட்டத்து ஏலக்காயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஈஸ்வர்தான் பேசினான்.

போடியில், ஏலக்காய் வியாபாரி பிச்சைமணியின் கடையில் உட்கார்ந்திருந்தாள் அவள். கல்லாவில் இருந்த பிச்சைமணி பேப்பர் படிப்பதுபோல் குனிந்துகொண்டார். மனிதருக்குப் பாம்புச் செவி. அடுத்தவர் போனில் பேசினால் அது இன்னும் கொஞ்சம் கூர்மையாகும்.

“என்னடா சொல்ற? நல்லாத்தான இருந்துச்சு?”

“மேல பொளந்திருக்கு ஆத்தா. நேத்துப் பெஞ்ச மழையில உள்ள ஈரம் எறங்கிருச்சு.”

“காய வச்சா சரியாகாதா?”

“கொஞ்ச நேரந்தான் தாங்கும். பெறகு பழைய கதைதான்.” போனில் இரும்பு மேல் இரும்பு விழுந்து ‘ணங்’ என்றது. “ராசிங்காபுரத்துல மச்சான் வீட்டுல பழைய காயில் கெடக்கு. கொண்டாரச் சொல்லிட்டேன். அதப் போட்டு ஒப்பேத்திருவோம்.”

“என்னத்தையாச்சும் போட்டு வெரசா வந்து சேரு. பிச்சைமணியண்ணே காத்துக்கிட்டு இருக்காக.”

பிச்சைமணி பேப்பரை மடித்து வைத்தார். சாயங்காலம் அவருடைய லாரி கிளம்ப வேண்டும். பாண்டியம்மாளின் காய் பச்சைப் பசேலென்று மேலே இருந்தால்தான் கீழே இருக்கும் அவருடைய மற்ற சரக்கும் விலைபோகும். அதில் போய்ப் பொளந்ததையும் பழசையும் கலந்தால் என்ன ஆவது? கூடப் பிறந்தவள்போல் நினைத்தவள் இப்படிச் செய்கிறாளே என்பதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

“பாண்டியம்மா, முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம். ஏலக்காய மறைக்க முடியாது.”

“என்னண்ணே, பசியில பேசுறீகளா?”

“ஒன் காய் எனக்கு வேணாம். எதுத்த கடை சோலைமலைக்குக் குடு. அவன்தான் கண்ண மூடிக்கிட்டு வாங்குவான்.”

“காரணத்தச் சொல்லுங்க.”

“ஒனக்கே தெரியும்.”

பாண்டியம்மாளின் முகம் சுருங்கிப்போனது. கெஞ்சுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. எழுந்து, தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள்.

மத்தியானம் ஜீப் வந்தது. சோலைமலை கடை வாசலில் மூட்டைகள் இறங்கின. முதல் மூட்டையைப் பிரித்ததுமே வாசம் தெருவைத் தாண்டி வந்து பிச்சைமணியின் மூக்கில் ஏறியது. நல்ல வாசம். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். “சோலைமலை, ஏமாந்துராத! அடி மூட்டையக் கொட்டிப் பாரு!”

“பேசி முடிச்சாச்சுண்ணே. ஆனாலும் நீங்க சொல்றீகளேன்னு கொட்டுறேன்” என்ற சோலைமலை, எல்லா மூட்டையையும் தார்ப்பாயில் கவிழ்த்தார். அத்தனையும் உருண்டு திரண்ட பச்சைக் காய். பிச்சைமணி முழங்கால் போட்டு உட்கார்ந்து துழாவினார். பொளந்தது ஒன்றுகூட அகப்படவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

“என்னண்ணே தேடுறீக?” என்றாள் பாண்டியம்மாள்.

“போன்ல நீங்க பேசுனத என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.” விருட்டென்று ஈஸ்வர் பக்கம் திரும்பினார். “எங்கடா ஒளிச்சு வச்சிருக்க, அந்தப் பொளந்த காய?”

ஈஸ்வர் திருதிருவென்று பாண்டியம்மாளைப் பார்த்தான். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “அண்ணேன் ஆசைப்படுறாக, எடுத்துக் குடுடா” என்றாள்.

அவன் ஜீப்புக்குள் கைவிட்டு, அழுக்கேறி வயர் தொங்கிய ஒரு சாமானை எடுத்துவந்து பிச்சைமணியின் உள்ளங்கையில் வைத்தான்.

“இந்தாங்கண்ணே, இன்ஜினுக்குப் பொறி குடுக்குற காயில். பாயசத்துக்கு ஆகாது!”